நம் பிள்ளைகளுக்கு அங்கே, அந்நியருக்கு இங்கே

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்தோரையும் அகதிகளையும் நினைத்துச் செபிப்பதற்கென்று தாய்த் திருஅவை ஆண்டுதோறும் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறது. 1914ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள வழக்கம் இது. அந்த நினைவோடு, திருத்தூதர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரத்தை இன்று நம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் வெளிநாட்டில் ஒரு பிள்ளையோ பேத்தியோ இல்லாத தெரு குறைவு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, பிரான்ஸ், அமெரிக்கா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் போகாத நாடில்லை. அதனால் அமெரிக்க அரசியல் செய்தி நமக்கு ஊர்ச் செய்திபோல ஆகிவிட்டது. 2025 பிப்ரவரி 5ஆம் நாள், உரிய ஆவணங்களின்றிக் குடியேறினார்கள் என்று 104 இந்தியர்களை அமெரிக்கா ஓர் இராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கியது. கைகளில் விலங்கோடும் கால்களில் சங்கிலியோடும் அவர்கள் வந்த காட்சியைப் பார்த்துப் பதறாத தாய் யார்?

அதே நாட்டில், டெக்சாஸ் மாநிலத்தின் ஷுகர் லேண்ட் நகரில், 2024இல் 90 அடி உயர அனுமன் சிலை ஒன்று கோயில் வளாகத்துக்குள் நிறுவப்பட்டது. இது கிறிஸ்தவ நாடு, இங்கே இதை ஏன் அனுமதிக்க வேண்டும் என்று அங்குள்ள அரசியல்வாதி ஒருவர் அடுத்த ஆண்டு கேட்டார். இந்தக் கேள்வி நம் காதில் விழும் விதம் வேறு. ஏனென்றால், "உங்கள் மதம் வெளியிலிருந்து வந்தது" என்ற பேச்சை நாம் நம் சொந்த மண்ணிலேயே கேட்டுப் பழகியவர்கள். இங்கே நம்மைக் குத்தும் அதே சொல், அங்கே நம் இயேசுவின் பெயராலேயே இன்னொருவரைக் குத்துகிறது. அப்படியானால் ஆண்டவர் எந்தப் பக்கம் நிற்கிறார்?

வெளியிலிருந்து வருகிறவரிடம் நாம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது? இன்றைய அரசியலில் புதிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, திருஅவை சந்தித்த முதல் பெரிய கேள்விகளுள் ஒன்று. நாம் எடுத்துக்கொண்ட அதிகாரம் அதைத்தான் சொல்கிறது.

அந்தியோக்கியாவில் கிரேக்கர்கள் பலர் இயேசுவை நம்பினார்கள். யூதேயாவிலிருந்து வந்த சிலர் அவர்களிடம், மோசேயின் முறைமைப்படி விருத்தசேதனம் செய்துகொள்ளாவிட்டால் உங்களுக்கு மீட்பு இல்லை என்றார்கள். அதாவது, கிறிஸ்தவராக வேண்டுமானால் முதலில் யூதராகிவிடு. எங்கள் உடல் அடையாளத்தை உன் உடலிலும் பதித்துக்கொள். பிறகு உள்ளே வா. பவுலும் பர்னபாவும் இதை ஏற்கவில்லை. விவகாரம் எருசலேமுக்குப் போனது. திருத்தூதர்களும் மூப்பர்களும் கூடினார்கள். கடவுள் வேறுபாடு பார்க்காமல் தூய ஆவியைத் தந்திருக்க, நம் முன்னோராலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். முடிவில் யாக்கோபு வழிசொன்னார். விருத்தசேதனம் தேவையில்லை. ஆனால் சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தவை, பரத்தைமை ஆகிய நான்கையும் அவர்கள் விலக்க வேண்டும்.

ஏன் இந்த நான்கு? லேவியர் நூலின் 17, 18ஆம் அதிகாரங்களைத் திறந்து பாருங்கள். இஸ்ரயேலர் நடுவே குடியிருந்த அந்நியர்களுக்கு அங்கே சொல்லப்பட்டவற்றோடு இவை ஒத்துப்போகின்றன. யூதரும் கிரேக்கரும் ஒரே பந்தியில் அருவருப்பின்றி உட்கார்ந்து உண்ண எது தேவையோ அதைத்தான் எருசலேம் சங்கம் கேட்டது. கிரேக்கர் கிரேக்கராகவே இருக்கலாம். ஆனால் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை மதிக்க வேண்டும். வந்தவரிடம் கேட்க வேண்டியது அவ்வளவுதான்: தோலை உரித்துப்போட்டுவிட்டு வா என்றல்ல, பந்திக்குரிய மரியாதையோடு வா என்று. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1844ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் புனித மிக்கேல் ஆலயத்தையும் புனித அகுஸ்தினார் ஆலயத்தையும் கும்பல்கள் தீவைத்து எரித்தன. அங்கு வாழ்ந்த கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள். பள்ளிகளில் தங்கள் பிள்ளைகள் தங்கள் திருஅவையின் விவிலிய மொழிபெயர்ப்பைப் படிக்கலாமா என்பதே அந்தப் பகை மூண்டதற்கு ஒரு காரணம். 1850களில் குடியேறியவர்களையும் கத்தோலிக்கர்களையும் எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி அங்கே வளர்ந்தது. திருத்தந்தைக்குக் கட்டுப்பட்டவன் நாட்டுக்கு எப்படி உண்மையாக இருப்பான் என்பது அவர்கள் கேள்வி. 1928இல் அதிபர் தேர்தலில் நின்ற ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கரின் மதமும் தேர்தல் மேடைகளில் தாக்கப்பட்டது, அவர் தோற்றார். 1960இல் ஜான் கென்னடி ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று, தம் மதம் தம் பதவிக்கு இடையூறாகாது என்று விளக்க வேண்டியிருந்தது.

அந்த மக்கள் என்ன செய்தார்கள்? ஆங்கிலம் கற்றார்கள். சட்டத்தை மதித்தார்கள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டினார்கள். ஆனால் அயர்லாந்துக்காரர் புனித பேட்ரிக்கை விடவில்லை. போலந்துக்காரர் தம் கிறிஸ்துமஸ் பாடல்களை விடவில்லை. இத்தாலியர் தம் ஊர்த் திருவிழாக்களை விடவில்லை. இத்தாலியிலிருந்து 1889இல் நியூயார்க்கில் வந்து இறங்கிய புனித பிரான்சிஸ் சேவியர் கபிரினி, தம் நாட்டிலிருந்து வந்து யாரும் சீண்டாமல் கிடந்த ஏழைகளுக்காகப் பள்ளிகளையும் அநாதை இல்லங்களையும் மருத்துவமனைகளையும் உண்டாக்கினார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுள் முதன்முதலில், 1946இல், புனிதராக அறிவிக்கப்பட்டவர் இந்தக் குடியேறிய பெண்மணிதான்.

இன்று திருஅவையின் தலைமையில் அமெரிக்காவில் பிறந்த திருத்தந்தை பதினான்காம் லியோ இருக்கிறார். 2025 மே மாதம் பல நாட்டுத் தூதர்களைச் சந்தித்தபோது, தாம் குடியேறியவர்களின் வழிவந்தவர் என்றும், தாமும் நாடுவிட்டு நாடு சென்று வாழ்ந்தவர் என்றும் அவர் நினைவுகூர்ந்தார். பெரு நாட்டில் மறைப்பணியாளராகவும் ஆயராகவும் உழைத்தவர் அல்லவா!

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தி. வாஷிங்டனில் உள்ள அமல உற்பவ அன்னையின் தேசியப் பேராலயம் அந்த நாட்டின் மிகப் பெரிய கத்தோலிக்க ஆலயம். அங்கே ஒவ்வொரு நாட்டு மக்களும் தங்கள் அன்னைக்குப் பீடம் அமைத்திருக்கிறார்கள். 1997 ஆகஸ்டு 16ஆம் நாள் நம் வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கும் அங்கே ஒரு சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது. அன்னை அங்கே புடவையில் நிற்கிறார். உள்ளே வரவேண்டுமானால் உடையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாத திருஅவைதான் நம் திருஅவை.

அங்கிருந்து நம் மாவட்டத்துக்கு வருவோம். விருத்தாசலம் பக்கத்தில் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்கு நடந்தே போனவர்கள் உங்களில் எத்தனை பேர்! அங்கே அன்னை தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் இருக்கிறார். அந்தத் திருத்தலத்தை உண்டாக்கியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கொன்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. முப்பது வயதுக்குமேல் தமிழ் எழுத்தைக் கற்கத் தொடங்கியவர், சதுரகராதியைத் தொகுத்தார். தொன்னூல் விளக்கம் எழுதினார். ஏகாரத்தையும் ஓகாரத்தையும் குறிலிலிருந்து வேறுபடுத்திக் காட்ட எழுத்தைச் சீர்செய்தார். புனித சூசையப்பரின் வாழ்வைத் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடினார்.

அந்தக் காப்பியத்தின் நாயகர் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடியவர். ஏரோதின் வாளுக்குத் தப்பி, மொழி தெரியாத நாட்டில் தச்சுவேலை தேடிய தகப்பன். எகிப்துக்கு ஓடிய அந்தத் திருக்குடும்பம்தான் உலகின் எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952இல் எழுதினார். வேற்றுநாட்டிலிருந்து வந்த ஒரு குரு, வேற்றுநாட்டுக்கு ஓடிய ஒரு தகப்பனின் கதையைத் தமிழில் பாடினார். தமிழ் அவரைத் தன் புலவர்களின் வரிசையில் வைத்தது. வந்தவர் மொழியைக் கற்றார். ஊர் அவருக்கு இடம் கொடுத்தது. வந்தவர் தம் விசுவாசத்தை விடவில்லை. ஊரும் தன் தமிழை விடவில்லை. இரண்டு பக்கமும் கொடுத்தார்கள், இரண்டு பக்கமும் பெற்றார்கள்.

நம் கடற்கரையே இப்படி உருவானதுதான். பரங்கிப்பேட்டை என்ற பெயரிலேயே வந்தவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அங்கே வணிகம் செய்தார்கள். கடல்வழி வணிகத்தால் வளர்ந்த அவ்வூர் முஸ்லிம் சகோதரர்களின் வீட்டுமொழி இன்று தமிழ். வந்தவர்களால் நம் ஊர் அழிந்துபோகவில்லை.

ஆனால் உள்ளே வருவதற்கு மிகக் கொடிய விலை கேட்ட கதையும் நம் மண்ணில் உண்டு. சிதம்பரத்தைச் சொன்னால் நந்தனாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொள்ளிடக் கரையில் ஆதனூரில் வாழ்ந்த அவர், பிறந்த குலத்தால் தில்லைக் கோயிலுக்குள் போக முடியாமல் ஏங்கினார். இறைவன் கட்டளைப்படி நெருப்பில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, பிறகே உள்ளே போனார் என்று சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. இறைவன் தம் அடியாரை உயர்த்திய அருள்நிகழ்ச்சியாக நம் சைவ அன்பர்கள் இதைப் போற்றுகிறார்கள். அந்தப் பக்தியை நாம் மதிக்கிறோம். ஆயினும் அவர் ஏன் அவராகவே உள்ளே போகக் கூடாது என்ற கேள்வியைத் தமிழ்நாடு திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்குச் சிதம்பரத்திலேயே ஒருவர் செயலால் விடை தந்தார். ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயராலேயே அங்கே கல்வி நிலையத்தைத் தொடங்கினார். நெருப்பு கேட்ட இடத்தில் அவர் பள்ளிக்கூடம் வைத்தார்.

இதைக் கேட்டுவிட்டு, அது அடுத்த வீட்டுக் கதை என்று நாம் நகர்ந்துவிட முடியாது. வீரமாமுனிவர் பணிபுரிந்த மதுரை மறைப்பணித்தளம், உடையையும் மொழியையும் ஏற்றதைப்போலவே சாதிப் பிரிவையும் ஏற்றது. உயர்ந்தவர் எனப்பட்டோருக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவர்களுக்கு வேறுவகைக் குருக்கள் என்று பிரித்து வைத்தது. தனி இருக்கை, தனித் தேர், தனிக் கல்லறை என்று அதன் தழும்புகள் இன்றும் சில ஊர்களில் உண்டு. சாதி பார்ப்பது பெரும் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில் தெளிவாகச் சொன்னது. ஊர்வழக்கம் எல்லாம் ஏற்கத்தக்கதல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒருவரையொருவர் பந்தியில் சேர்க்கிற வழக்கத்தை ஏற்கலாம். பந்தியிலிருந்து விலக்குகிற வழக்கத்தை யாரும் ஏற்கக்கூடாது. வந்தவரும் ஏற்கக்கூடாது, இருப்பவரும் ஏற்கக்கூடாது.

அன்பார்ந்தவர்களே, இன்று நம் வாசலில் நிற்கும் அந்நியர் யார்?

முதலாவது, ஈழத்திலிருந்து வந்த நம் உறவுகள். 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் பக்கங்களில் முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு அந்த முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியது நல்லது. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப்போலவே தமிழ் பேசும் பிள்ளைகளில் பலர் இன்னும் இந்த நாட்டின் குடிமக்கள் அல்லர். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோரைச் சேர்த்தது. முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நம் மதத்தின் பெயர் இருக்கிறதே என்று நாம் மகிழ்ந்துவிட முடியுமா? அடிபட்டுக் கிடந்தவனிடம் நல்ல சமாரியன் மதம் கேட்கவில்லை. அகதியின் காயத்தை விட்டுவிட்டு அவருடைய மதத்தைக் கேட்பது, டெக்சாஸில் நடந்தாலும் தவறு, நம் நாட்டில் நடந்தாலும் தவறு.

இரண்டாவது, வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். சிப்காட்டிலும், நெய்வேலியிலும், கட்டட வேலையிலும், உணவகங்களிலும் அவர்களைப் பார்க்கிறோம். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியது நினைவிருக்கும். வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சண்டைகளை எடுத்து இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. வதந்தி என்று உறுதியானது. ஆனாலும் பலர் பயந்துபோய் ரயிலேறினார்கள். அந்தப் பொய்யை அவர்கள் ஏன் நம்பினார்கள்? இது உண்மையா என்று கேட்பதற்கு, அவர்களில் பலருக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரு வீடு இல்லை. பெயர்சொல்லிக் கூப்பிட ஒரு மனிதர் இல்லை. நாம் யாரும் அவர்களை அடிக்கவில்லை, உண்மை. ஆனால் வதந்தியைத் தடுக்கும் அளவுக்கு நம்மில் எத்தனை பேர் அவர்களோடு பழகியிருந்தோம்?

"அவர்கள் இந்தி பேசுகிறார்கள், நம் மொழிக்கு ஆபத்து" என்று சிலர் சொல்லலாம். மொழிக்காக நாம் கொடுத்த விலையை யாரும் சிறிதாக்க வேண்டாம். 1965 சனவரி 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சிதம்பரத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஆனால் நாம் அன்று எதை எதிர்த்தோம்? எங்கள் மொழியை விட்டுவிட்டு உங்கள் மொழிக்கு மாறுங்கள் என்ற கட்டாயத்தை எதிர்த்தோம். தம் தாய்மொழியில் பேசும் ஏழையை எதிர்க்கவில்லை. வடக்கிலிருந்து வரும் பலருக்கு இந்தியே தாய்மொழி அல்ல. போஜ்புரி, மைதிலி, சந்தாலி, சாத்ரி என்று அவர்களுக்கும் வீட்டுமொழி உண்டு. அதற்கும் தாலாட்டு உண்டு. கட்டாயத்தின் வலியை அறிந்த நாமே இன்னொருவர்மேல் அதைச் சுமத்தலாமா?

"முதலில் நம்மவர்களைப் பார்ப்போம், பிறகு மற்றவர்களைப் பார்க்கலாம்" என்ற வாதமும் உண்டு. தேநீர்க் கடையில் கேட்கும் இந்த வாதத்தை 2025 சனவரியில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே. டி. வான்ஸ், கத்தோலிக்கராகவே நின்று, இறையியல் சொற்களில் சொன்னார். முதலில் குடும்பம், பிறகு அக்கம்பக்கம், பிறகு நாடு, அதற்குப் பிறகே உலகம் என்பது அன்பின் ஒழுங்கு என்றார். அடுத்த மாதமே திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய மடலில் இந்த அன்பின் ஒழுங்கைப் பற்றிப் பேசினார். நல்ல சமாரியன் உவமையைத் தியானித்தால்தான் உண்மையான ஒழுங்கு எதுவென்று தெரியும் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். குடும்பத்தை நேசிப்பது கடமை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அயலார் யார் என்ற கேள்விக்கு ஆண்டவர் வரைபடம் போட்டுக் காட்டவில்லை. சாலையோரத்தில் கிடந்த ஒருவனைக் காட்டினார். வழியில் யார் கிடக்கிறாரோ அவர்தான் பக்கத்து வீட்டுக்காரர்.

"அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை" என்பது பசியிலிருந்து வரும் கவலை. அதை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் கூலியைக் குறைப்பவர் யார்? தொழிலாளி அல்ல. பேச நாதியற்றவர் என்று தெரிந்து குறைவாகக் கொடுப்பவர் முதலாளி. வெளிமாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர்த் தொழிலாளியின் கூலிக்குக் குறையக்கூடாது என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே சொன்னது. அவருக்கு நியாயமான கூலி கிடைத்தால் நம் பிள்ளையின் கூலியும் காக்கப்படும். விவிலியமும் இதையே சொல்கிறது. ஏழைக் கூலியாள் உன் இனத்தானாயினும் உன் நாட்டிலுள்ள அந்நியனாயினும் அவனைக் கொடுமைப்படுத்தாதே, அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்பது இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் தரும் கட்டளை.

அரசு எல்லைகளைக் காக்கக்கூடாது என்றோ, சட்டம் வேண்டாம் என்றோ திருஅவை சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், 2241ஆம் எண்ணில், இருபக்கக் கடமையையும் சொல்கிறது. வசதியுள்ள நாடுகள் தம்மால் இயன்றவரை வந்தவரை ஏற்க வேண்டும். பொதுநன்மைக்காக அரசு விதிமுறைகள் வகுக்கலாம். குடியேறியவரும் தம்மை ஏற்ற நாட்டின் மரபை நன்றியோடு மதிக்க வேண்டும். சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும். பொதுச்சுமையில் பங்கெடுக்க வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் இதை நான்கு செயல்களாகச் சொன்னார்: வரவேற்றல், பாதுகாத்தல், முன்னேற்றுதல், ஒருங்கிணைத்தல். ஒருங்கிணைத்தல் என்பது வந்தவர் தம் பண்பாட்டை மறந்து நமக்குள் கரைந்துபோவது அல்ல என்பதையும் அவர் 2018ஆம் ஆண்டுச் செய்தியில் விளக்கினார். எருசலேம் சங்கம் காட்டிய பந்தியும் இதுதான்.

ஆகவே நம் பங்குகளில் என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் வேண்டாம், செய்யக்கூடியவற்றைச் சொல்வோம்.

ஞாயிறு திருப்பலியில் கோயிலின் கடைசித் தூணருகே நிற்கும் இளைஞர்களைத் திரும்பிப் பாருங்கள். வடக்கிலிருந்து வருபவர்களில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பகுதிகளின் பழங்குடிக் கத்தோலிக்கர்களும் உண்டு. ஜார்க்கண்டில் ஓராவோன், முண்டா மக்கள் நம்மைப்போலவே தலைமுறை தலைமுறையாக விசுவாசம் காத்தவர்கள். செபமாலையின் மணி அவர்களுக்கும் அதே மணிதான். மறையுரையில் ஒரு சொல்லும் புரியாமல், நற்கருணைக்காக மட்டும் நிற்கிறார்கள். திருப்பலி முடிந்ததும் பெயர் கேளுங்கள், ஊர் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். "வடக்கன்", "இந்திக்காரன்" என்று நம் வீட்டில் யாரும் சொல்லாதிருக்கட்டும். நம் பிள்ளையை வெளிநாட்டில் அப்படி ஒருவர் கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

அன்பியக் கூட்டங்கள் அவர்கள் தங்கும் இடத்தில் ஒருமுறையாவது நடக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு ஒரு வாசகமோ ஒரு மன்றாட்டோ அவர்கள் மொழியில் அமையட்டும். பாரிசிலும் டொரோண்டோவிலும் தமிழில் திருப்பலி கேட்டுக் கண்கலங்கும் நம் உறவினர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணீருக்கு நாம் செய்யும் கைம்மாறு இது.

இளைஞர் குழுக்கள் அவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம். மொழி தெரியாததால் மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் ஏமாறுகிறார்கள். தமிழ் கற்றுக்கொள் என்று கோபத்தில் சொல்வது ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து அகரம் எழுதிக் காட்டுவது வேறு. வீரமாமுனிவருக்கும் நம் ஊர்க்காரர் யாரோ ஒருவர்தான் பொறுமையாக அகரம் சொல்லிக்கொடுத்திருப்பார்.

வீடு வாடகைக்கு விடும்போது, எந்த மாநிலம், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் கூலியை நாளில் கொடுங்கள். மறுவாழ்வு முகாமிலிருக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும், ஆவணங்கள் வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைவதற்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் துணை நில்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இந்த மறையுரையை நீங்கள் தொலைபேசியில் அனுப்பினால் அவர்களும் கேட்கக்கூடும். நாடுகடத்தப்பட்டு பாபிலோனில் இருந்தவர்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய மடல், 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பது அதன் பொருள். வாழும் ஊரை நேசியுங்கள், அதன் சட்டத்தை மதியுங்கள், அக்கம்பக்கத்தாரோடு பழகுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழும் செபமும் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்குப் பின் வருபவர், வேறு நாட்டவராகவோ வேறு மதத்தவராகவோ இருந்தாலும், அவருக்குக் கதவைத் திறந்து வையுங்கள். நாம் வந்தபின் கதவைச் சாத்துவது கிறிஸ்தவ வழக்கமல்ல.

இறுதித் தீர்வையில் ஆண்டவர் எதைக் கேட்பார் என்பது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. அந்நியனாக வந்தேன், ஏற்றுக்கொண்டாயா என்று கேட்பார். எந்த நாட்டிலிருந்து வந்த அந்நியன், எந்தச் சாமியைக் கும்பிட்ட அந்நியன் என்ற எதிர்க்கேள்விக்கு அங்கே இடமில்லை. நம் பிள்ளைகளுக்கு அங்கே எதை வேண்டுகிறோமோ அதை இங்கே வந்தவருக்குக் கொடுப்போம்.

செபிப்போம்: எகிப்து நாட்டில் அகதியாக வாழ்ந்த ஆண்டவரே, கடல் கடந்து போன எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். எங்களை நாடி வந்தவர்களை நாங்கள் உம்மைப்போல் ஏற்க எங்களுக்குத் திறந்த மனத்தைத் தாரும். பெரியநாயகி அன்னையே, புனித சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.